உருகிக் காத்த கம்பி

இன்றைய குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மணல் ஐரோப்பியத் தெருக்களில் வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்த காலத்தில், மணவாளக்குறிச்சியில் மண்ணெண்ணெய் விளக்குதான். ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துவிட்டு, 1909-இல் அதன் ஊற்றைத் தேடி இந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். மணலில் இருந்தது மோனசைட். மோனசைட்டில் இருந்தது தோரியம். அன்றைய கேஸ் விளக்குகளின் மேன்டில் வலை வெள்ளையாக ஒளிர்ந்ததற்குத் தோரியம் ஆக்சைடுதான் காரணம். கப்பலேறிப் போன குமரிமண்ணில் ஒரு பகுதி பெட்ரோமாக்ஸ் மேன்டிலாகி இங்குள்ள கல்யாணப் பந்தலுக்கே திரும்பி வந்திருந்தாலும் வியப்பில்லை.

கேஸ் விளக்கானாலும் மண்ணெண்ணெய் விளக்கானாலும் ஒரு வசதி உண்டு. ஒன்று கெட்டால் அது மட்டும் அணையும். மின்சாரம் அப்படியில்லை. ஒரு வீட்டு உத்தரத்தில் இரண்டு கம்பிகள் உரசிக்கொண்டால் தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் சங்கதி போய்விடும். ஆகவே உலகத்தில் மின்சாரம் போன ஊருக்கெல்லாம் கூடவே ஒரு காவல்காரனும் போனான். குமரியின் நாஞ்சில் நாட்டுக்கும் அவன் வந்தான், வெள்ளைப் பீங்கான் கட்டைக்குள் ஒளிந்த மெல்லிய கம்பியாக.

திருவனந்தபுரத்துக்கு மின்விளக்கு வந்தது 1929-இல். பள்ளிவாசல் நீர்மின் திட்டம் 1940-இல் ஓடத் தொடங்கியபோது திருவிதாங்கூர் அரசுக்கு முதல்முறையாகச் சொந்த அருவி மின்சாரம் கிடைத்தது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் காலம் அது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்று அந்த சமஸ்தானத்தின் தென்கோடி. மின்சாரம் முதலில் நகரத்துக்கும் அரண்மனைச் சாலைகளுக்கும் போயிற்று. வயல்வரப்பைத் தாண்டிக் கிராமத்து வீட்டுக்குள் நுழைய இன்னும் நெடுங்காலம் பிடித்தது. 1956 நவம்பர் 1-இல் இந்த நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. மறு ஆண்டு ஜூலையில் சென்னை மாநில மின்வாரியம் பிறந்தது. மாவட்டத்துக்குள்ளேயே மின்சாரம் உற்பத்தியானது அதற்கும் பிறகு: கோதையாறு முதல் மின்நிலையம் 60 மெகாவாட், 1970, இரண்டாவது 40 மெகாவாட், 1971. டர்பைனைச் சுற்றிவிட்டு வருகிற தண்ணீர் பேச்சிப்பாறை அணையில் இறங்கி, அங்கிருந்து நாஞ்சில் நாட்டு நெல்வயலுக்குப் போகிறது. ஒரே தண்ணீர் விளக்கும் ஏற்றிச் சோறும் போடுகிறது.

ஃபியூஸ் என்ற அந்தக் காவல்காரனுக்கு வருவோம்.

அவனுடைய பிறப்பு விளக்கோடு சம்பந்தப்பட்டதல்ல, இடியோடு. 1847-இல் பிரெஞ்சுக்காரரான பிரெகே, தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காக்க ஒரு யோசனை சொன்னார். கனமான தந்திக் கம்பிக்கும் கருவிக்கும் நடுவே மெல்லிய கம்பி ஒன்றை வைத்துவிடு. இடி இறங்கினால் அது உருகி அறுந்து கருவியைக் காப்பாற்றும். எடிசன் தம் விளக்கு அமைப்புக்கு இதே தந்திரத்தை எடுத்துக்கொண்டு 1880-இல் காப்புரிமை பெற்றார். எவ்வளவு தடித்த கம்பி எத்தனை ஆம்பியரில் உருகும் என்ற கணக்கை பிரிட்டனின் வில்லியம் ப்ரீஸ் அந்தப் பத்தாண்டிலேயே வகுத்துவிட்டார். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பி ஏறத்தாழ 80 ஆம்பியரில் உருகும். அதில் ஐந்தில் ஒரு பங்கு தடிமனுள்ள கம்பி ஏழு ஆம்பியர் சுமாரில் போய்விடும்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் நாஞ்சில் நாட்டு வீடுகளின் விதி பல காலம் ஊசலாடியது.

பழைய ஓட்டு வீடுகளில் மின்மீட்டர் பெட்டியை ஒட்டி, தேக்குப் பலகையில் பீங்கான் ஃபியூஸ் கேரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். 5 ஆம்பியர் கட்டைக்கு 0.2 மில்லிமீட்டர் ஈயம்பூசிய செம்புக் கம்பி. 15 ஆம்பியருக்கு அரை மில்லிமீட்டர். கடையில் அட்டையில் சுற்றி விற்ற கம்பி அது. ராத்திரி பத்து மணிக்கு ஃபியூஸ் போனால் அட்டைக் கம்பி எந்த வீட்டில் அகப்படும்? அகப்பட்டது வேறு. டேபிள் ஃபேன் வயரை உரித்து ஒரு இழையைப் பிய்த்துக் கட்டினார்கள். வயர்மேன்கள் 'நாற்பதுக்கு முப்பத்தாறு' என்று சொல்லும் அந்த வளையும் வயரில் ஒவ்வோர் இழையும் 36-ஆம் கேஜ். ப்ரீஸின் கணக்குப்படி ஏழு ஆம்பியருக்குள் உருகிவிடும். அதாவது அவசரத்துக்குச் செய்த வேலை, தெரிந்தோ தெரியாமலோ, சரியான வேலை.

தப்பு நடந்தது அடுத்த கட்டத்தில். திரும்பத் திரும்ப ஃபியூஸ் போகிற வீட்டில் யாராவது ஒரு கெட்டிக்காரர் இருப்பார். 'இது இனிமே போவாது பாருங்க' என்று ஏழுக்கு இருபது வயரின் ஒரு இழையை முறுக்கிக் கட்டிவிடுவார். அந்த இழை 20-ஆம் கேஜ். உருக வேண்டுமானால் 70 ஆம்பியர் ஓட வேண்டும். அவர் சொன்னபடியே ஃபியூஸ் போகாது. சுவருக்குள் ஓடும் மூன்றுக்கு இருபத்திரண்டு வயர்தான் முதலில் சூடேறி, மேலுறை கருகி, மச்சுப் பலகையில் தீயாகப் பிடிக்கும். கட்டையின் மேல் 5 ஆம்பியர் என்ற எழுத்து மட்டும் பழையபடி இருக்கும். நம் நாட்டு மின்காப்பின் வரலாற்றில் கருவி தோற்ற இடங்கள் குறைவு. கருவியின் வாயை அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய இடங்களே அதிகம்.

ஃபியூஸ் போவதற்குக் குமரி மாவட்டத்தில் தனிக் காரணங்களும் இருந்தன. தென்னை மட்டை விழும். மேற்கே குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர்க் கிளை சாயும். தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று இணைப்புகளைப் பச்சையாக்கித் தின்னும். மின்வாரியத்தில் 'ஃபியூஸ் ஆஃப் கால்' என்றே ஒரு பிரிவு வைத்திருந்தார்கள் என்பதிலிருந்து இந்த மெல்லிய கம்பிக்கு இருந்த மரியாதை விளங்கும். சைக்கிளில் ஏணியைச் சாய்த்துக்கொண்டு வரும் வயர்மேன், டிரான்ஸ்ஃபார்மர் மேடையில் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கினால் அதைக் கீழே வைப்பதில்லை. கையோடு எடுத்துக்கொண்டுதான் கம்பத்தில் ஏறுவார். வேறு யாரும் மறதியாகச் செருகிவிடக் கூடாதல்லவா? அந்தப் பீங்கான் துண்டு அவர் பையில் இருக்கும்வரை அவர் உயிர் அவர் கையில்.

இந்த இடத்தில் கலைவாணரை நினைக்காமல் போக முடியாது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன், 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் விஞ்ஞானத்தை வளர்க்கப் போவதாகப் பாடியாடினார். பொத்தானைத் தட்டினால் பலகாரம் வந்து விழுகிற வீடு அவர் கற்பனையில் இருந்தது. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு ஃபியூஸ் வேண்டும் என்று அவர் பாடவில்லை. பாடியிருந்தால் அதிலும் ஒரு சிரிப்பை வைத்திருப்பார்.

நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வால்வு ரேடியோ வந்தது. திருவனந்தபுரத்தில் 1943-இல் தொடங்கிய திருவிதாங்கூர் வானொலி 1950-இல் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. கடல் தாண்டி இலங்கை வானொலி தெளிவாகக் கேட்டது. பின்னர் 1984-இல், நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலிலேயே அமைந்தது. தொலைக்காட்சிக்கும் கடல் உதவிற்று. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும் தென்கடலோர வீடுகளின் ஆன்டெனாக்கள் அந்தப் பக்கம் திரும்பின. ரேடியோவும் டிவியும் பெருகப் பெருக, அவற்றைப் பழுதுபார்க்கும் கடைகள் நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் பெருகின.

சுவர்க் கட்டையிலிருந்த ஃபியூஸ் இந்தப் பெட்டிகளுக்குள் கண்ணாடிக் குழாயாகப் புகுந்துகொண்டது. ஆனால் மெக்கானிக்குக்கு அது போதவில்லை. உள்ளே எங்கோ ஷார்ட் ஆன ஒரு பெட்டி மேசைக்கு வருகிறது. ஃபியூஸை மாற்றி ஸ்விட்சைப் போட்டால் அதுவும் போகும். சமயத்தில் பின்னோடு நல்ல டிரான்சிஸ்டர்களும் போகும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பலி கொடுத்தால் கடை நடத்த முடியாது. மின்சாரத்தை அறுக்காமல், அளவோடு மட்டும் விடுகிற ஒன்று வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் கண்ட விடை ஒரு சாதாரண குண்டு பல்பு.

சீரிஸ் போர்டு என்று அதற்குப் பெயர். ஒரு பலகை, ஒரு பல்பு ஹோல்டர், ஒரு பிளக் பாயின்ட். பழுதான பெட்டிக்குப் போகும் மின்சாரம் பல்பைக் கடந்துதான் போக வேண்டும். பெட்டி நன்றாக இருந்தால் பல்பு ஒருமுறை மினுக்கிவிட்டு மங்கிவிடும். உள்ளே ஷார்ட் என்றால் பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும். பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. 100 வாட் பல்பைப் போட்டால், பெட்டிக்குள் எத்தனை மோசமான கோளாறு இருந்தாலும், 230 வோல்டில் அரை ஆம்பியருக்குக் குறைவாகத்தான் ஓடும். இதன் ரகசியம் டங்ஸ்டன் இழையில் இருக்கிறது. குளிர்ந்த இழையின் மின்தடை, எரியும் இழையின் தடையில் பத்தில் ஒரு பங்கும் வராது. ஆகவே குறைந்த மின்னோட்டத்துக்கு அது வழிவிடும். அதிகமாக ஓடினால் தானே சூடேறித் தானே தடையாகும். திருகு எதையும் திருப்ப வேண்டியதில்லை.

இதைப் பெரும்பாலும் யாரும் கடையில் வாங்குவதில்லை. ஒரு மெக்கானிக்கிடம் தொழில் படித்த பையன் கடை வைக்கும்போது முதலில் செய்துகொள்கிற உபகரணம் இது. உலகமெங்கும் ரேடியோ மெக்கானிக்குகள் இதே வித்தையைக் கையாண்டார்கள் என்றாலும், பல்பின் பிரகாசத்தைப் பார்த்தே கோளாறு பவர் பகுதியிலா, அடுத்த பகுதியிலா என்று சொல்லிவிடும் பழகிய கண்ணை எந்தக் கைப்புத்தகமும் தந்துவிடாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மின்னோட்டத்தை அறுக்காமல் 'அளந்து விட்ட' காப்புக் கருவி எது என்று கேட்டால், இந்தப் பல்பைக் காட்டலாம். எல்.இ.டி. பல்பு வந்த பிறகு குண்டு பல்பு கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆனாலும் பழைய கடைகளில் சீரிஸ் போர்டுக்கென்று இரண்டு மூன்றைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பவர்கள் உண்டு. எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது.

அடுத்த கட்டம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அரங்கேறியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி வழியே தென்மேற்குப் பருவக்காற்று பீறிட்டு வரும் இடம் அது. எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் முளைக்கத் தொடங்கின. தொண்ணூறுகளில் 225, 250 கிலோவாட் டென்மார்க் வகை இயந்திரங்கள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றில் பெரும்பாலானவை தூண்டல் ஜெனரேட்டர்கள். காற்றில் இறக்கை சுற்றி வேகம் பிடித்ததும் ஜெனரேட்டரை மின்கம்பியோடு சேர்க்க வேண்டும். சட்டென்று சேர்த்தால் அந்த நொடியில் வழக்கமான அளவைப்போல ஆறேழு மடங்கு மின்னோட்டம் பாயும். ஒரு இயந்திரம் அப்படிச் செய்தால் பக்கத்து ஊர் விளக்குகள் சிமிட்டும். நூறு இயந்திரங்கள் காற்று ஏறியதும் ஒன்றன்பின் ஒன்றாக அப்படிச் செய்தால் லைன் தாங்காது. கியர்பாக்ஸும் தாங்காது.

ஆகவே ஒவ்வொரு காற்றாலையின் அடியிலும், கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள், தைரிஸ்டர்கள் இருந்தன. சிலிக்கானால் ஆன பெரிய ஸ்விட்சுகள். மின்சார அலையின் ஒவ்வொரு துடிப்பிலும் முதலில் ஒரு துணுக்கை மட்டும் விட்டு, அடுத்த துடிப்பில் கொஞ்சம் கூட்டி, சில நொடிகளில் முழுதாகத் திறக்கும். அதன் பிறகு பக்கத்திலிருக்கும் கான்டாக்டர் சுமையை ஏற்றுக்கொள்ளும், தைரிஸ்டர் ஓய்வெடுக்கும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்று இதைச் சொல்கிறார்கள். அறுப்பதற்கு முன்பாகவே அடக்குவது என்ற கொள்கை, பல்பிலிருந்து சிலிக்கானுக்கு மாறிய இடம் இது. தேசிய நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இறக்கைகள்தான் தெரியும். பெட்டிக்குள் இருந்தவை காற்றாலை டெக்னீஷியன்களுக்கு மட்டும் தெரிந்த சமாசாரம்.

வீட்டுச் சுவரில் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டாட்ஸின் நிறுவனம் 1924-இல் காப்புரிமை பெற்ற சிறிய சர்க்யூட் பிரேக்கர், எம்.சி.பி. என்ற பெயரில் நம் ஊர் வீடுகளுக்கு வந்து சேர அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. வளைகுடா நாடுகளில் சம்பாதித்து வந்தவர்கள் கட்டிய கான்கிரீட் வீடுகளோடு அதுவும் பரவியது. அதற்குள் இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் அதிகமாக, ரொம்ப நேரம் ஓடினால் சூடேறி வளையும் ஈருலோகத் தகடு ஒன்று; ஷார்ட் ஆனால் நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் இழுத்துத் தட்டிவிடும் காந்தச் சுருள் ஒன்று. கம்பி கட்டும் வேலையே இல்லாததால் கெட்டிக்காரர்களுக்கும் வேலை போயிற்று. அதன் பெரிய நன்மை அதுதான்.

ஆனால் ஃபியூஸும் எம்.சி.பி.யும் காப்பது வீட்டை, வயரை. மனிதரை அல்ல. ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடுகிறவரின் உடல் வழியே ஓடக்கூடியது கால் ஆம்பியருக்குள்தான். 40 வாட் பல்பு ஒன்று எடுக்கிற மின்னோட்டமே உயிரைக் குடிக்கப் போதும். 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது உறைக்கவே உறைக்காது. இரண்டு மழைக்காலம் உள்ள மாவட்டத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கான விடை ஐம்பதுகளில் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களை ஒட்டி உருவானது. போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் ஒன்றா என்று இடைவிடாமல் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. அது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் பின்னால் சேர்ந்த 61-ஏ விதி, 5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு இந்த வகைக் காப்பைக் கட்டாயமாக்கியது. ஏழை வீட்டின் ஒற்றை விளக்குக்கும் மிக்சிக்கும் அந்தக் கட்டாயம் அன்று இல்லை. ஷாக் அடிப்பதற்கு கிலோவாட் கணக்கு தெரியுமா என்ன?

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தது. மாவட்டமெங்கும் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின்வாரிய ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். கடலுக்குப் போனவர்களைப் பற்றிச் சேதி கேட்கக் காத்திருந்த கரையோர வீடுகளுக்கு அந்த நாட்களில் சோற்றுக்கு அடுத்தபடி வேண்டியிருந்தது செல்போனில் சார்ஜ். ஜெனரேட்டர் ஓடிய இடத்திலெல்லாம் சார்ஜர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

அந்தச் சார்ஜர்களுக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் உள்ளே, கண்ணுக்கே எளிதில் படாத அளவில், ஃபியூஸின் பேரப்பிள்ளைகள் இருக்கின்றன. அறுபதுகளின் இறுதியில் அமெரிக்காவில் ராபர்ட் வைட்லர் வடிவமைத்த மின்னழுத்தச் சீராக்கிச் சில்லுகளில் முதல் தலைமுறை பிறந்தது: மின்னோட்டம் எல்லை மீறினால் அடக்கிக்கொள்ளும், சில்லே அளவுக்கு மேல் சூடானால் தன்னை அணைத்துக்கொள்ளும். 1996-இல் யு.எஸ்.பி. வந்தபோது இது எல்லோருக்குமான தேவையாயிற்று. ஒரு துளையிலிருந்து 500 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம் என்று வரையறுத்தார்கள். அதில் யார் எதைச் செருகுவார்கள், எந்தக் குழந்தை எந்தக் கம்பியை நுழைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே துளைக்குப் பின்னால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்விட்ச் சில்லு ஒன்றை வைப்பது வழக்கமாயிற்று.

அதன் வேலையை நாஞ்சில் நாட்டுக்காரருக்கு விளக்குவது எளிது. பழைய ஃபியூஸ், வெள்ளம் வந்தால் உடைந்துபோகும் வரப்பு. இந்தச் சில்லு, தண்ணீர் ஏற ஏறப் பலகையை இறக்கி வயலுக்கு வேண்டியதை மட்டும் விடுகிற மடைக்காரர். உள்ளே ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் கதவாக நிற்கிறது. ஓடும் மின்னோட்டத்தைச் சில்லின் இன்னொரு பகுதி அளந்துகொண்டே இருக்கிறது. எல்லையைத் தொட்டதும் சில மைக்ரோ வினாடிகளில் கதவு ஒருக்களிக்கிறது. அப்படி அடக்கி நிற்கும்போது சில்லே சூடாகும். சூடு வரம்பு மீறினால் முழுதாக மூடும், ஆறியதும் திறந்து பார்க்கும், கோளாறு தீரவில்லையென்றால் மறுபடியும் மூடும். கூடவே சில்லின் ஒரு காலின் (பின்) வழியே 'இங்கே தகராறு' என்று கம்ப்யூட்டருக்குத் தகவலும் கொடுக்கும். புதிதாக ஒன்றைச் செருகும்போது அதன் கெப்பாசிட்டர்கள் ஒரே மடக்கில் மின்சாரத்தை இழுக்காதபடி மெல்லத் திறப்பதும் இதன் வேலைதான். முப்பந்தலில் தைரிஸ்டர் செய்ததை இது கடுகளவில் செய்கிறது.

செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் இப்போது சீரிஸ் போர்டின் இடத்தில் டிசி பவர் சப்ளை உட்கார்ந்திருக்கிறது. வோல்ட்டுக்கு ஒரு திருகு, ஆம்பியர் வரம்புக்கு ஒரு திருகு. வரம்பைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஷார்ட் ஆன போர்டுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, எந்தச் சிறு பாகம் சூடேறுகிறது என்று விரலாலோ ஸ்பிரிட் ஆவியாகும் வேகத்தாலோ கண்டுபிடிக்கிறார்கள். பல்பின் பிரகாசத்தைப் பார்த்தவரின் வித்தையும் இதுவும் ஒன்றே, கருவிதான் மாறியிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் பல வீடுகளில், மீட்டருக்குப் பக்கத்திலுள்ள கட்-அவுட்டில், அந்தப் பீங்கான் கட்டை இன்னும் இருக்கிறது. அதற்குள் என்ன கம்பி இருக்கிறது என்று உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அதே நாளில் பொருத்திவிடுங்கள். இருந்தால் அதன் முகப்பில் 'டி' என்று எழுதிய சிறு பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழுந்தால் நல்லது. விழவில்லையென்றால் அதை மாற்ற வேண்டும்.